அந்த ஜீரோவுக்கு அர்த்தம் வேறு

வாசகர் கேள்வி: எனக்கு 44 வயது. காவேரிப்பட்டினம் பக்கம் கிராமம். சீசனில் மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு மாதமாக இடது மாரில், அக்குளை ஒட்டினாற்போல் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் நர்சம்மா தொட்டுப் பார்த்துவிட்டு மேமோகிராம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். கட்டி எதுவும் தெரியவில்லை, திசு மிகவும் அடர்த்தி, பைராட்ஸ் 0, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. "ஜீரோன்னா ஒண்ணுமில்லேன்னுதானே அர்த்தம், அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேனு, காசு புடுங்கறதுக்கு" என்கிறார் வீட்டுக்காரர். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள், ஊசி பட்டால் பரவிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். பத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். சீசன் முடிந்து ஆடியில் பார்த்துக்கொள்ளலாமா? என் பெரியம்மா மார்பகப் புற்றில்தான் இறந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் மேமோகிராம் எடுக்க வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஜீரோவைப் பேசிவிடுவோம். மார்பகப் படம் பார்த்து எழுதும் நாங்கள் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பைராட்ஸ் என்று 0 முதல் 6 வரை ஓர் எண் போடுவோம். 1 என்றால் படத்தில் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதாரணமானது. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம்தான், ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் சதைப் பரிசோதனை. 6 என்றால் சதைப் பரிசோதனையில் ஏற்கெனவே புற்று என்று உறுதியானது. 0 மட்டும் இந்த வரிசையில் சேராது. ‘இந்தப் படத்தை வைத்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை, இன்னொரு படம் பார்த்துத்தான் சொல்வேன்’ என்பதே அதற்குப் பொருள். பரீட்சையில் ஜீரோ மார்க் வாங்கிய தாள் வேறு, வாத்தியார் இன்னும் திருத்தி முடிக்காத தாள் வேறு. உங்கள் கையில் இருப்பது திருத்தி முடிக்காத தாள்.

உங்கள் வீட்டுக்காரர் மேல் நான் தப்புச் சொல்ல மாட்டேன். 0 என்று அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தவர்கள் ஒரு நிமிடம் உட்கார வைத்து விளக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். ஸ்கேனை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், ஆடி வரை தள்ள வேண்டாம். சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும், அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

கையில் தட்டுப்படுகிற கட்டி மேமோகிராமில் ஏன் தெரியவில்லை? கேழ்வரகை முறத்தில் போட்டுப் புடைக்கும்போது ஒரு வெள்ளைக் கல் கிடந்தால் கண் உடனே பிடித்துவிடும். அதே கல் பச்சரிசியில் கிடந்தால்? சோற்றில் பல்லில் கடிபடும்போதுதான் தெரியும். மேமோகிராம் ஓர் எக்ஸ்ரே படம். அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால் சுரப்பியும் நார்த் திசுவும் வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டி இருந்தால் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். கொழுப்பு கூடுதலாக உள்ள மார்பகம் கேழ்வரகு முறம், அடர்த்தியான மார்பகம் அரிசி முறம். அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிப்போம். ‘மிகவும் அடர்த்தி’ என்றால் நீங்கள் டி. இது நோயல்ல, நாற்பதுகளில் இருக்கும் பெண்களிடம் அடர்த்தியான திசு சர்வசாதாரணம். தொட்டுப் பார்த்து இதைச் சொல்லவும் முடியாது, படத்தில் மட்டுமே தெரியும். நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்று மேலைநாடுகளைவிட ஏறத்தாழ பத்து வருடம் முன்னதாகவே வருகிறது என்பதால், அரிசி முறத்தில் கல் தேடுகிற வேலை நமக்குத்தான் அதிகம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேறு வழியில் பார்க்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. கதிர்வீச்சு கிடையாது. இதில் சுரப்பித் திசு வெளிறித் தெரியும், புற்றுக்கட்டி பெரும்பாலும் கறுத்துத் தெரியும். அரிசிக்குள் மறைந்திருந்த கல் இங்கே அரிசியில் விழுந்த மிளகு ஆகிவிடுகிறது.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்வேன். "கட்டி எங்க இருக்குன்னு உங்க விரலாலேயே காட்டுங்கம்மா" என்று கேட்பேன். நீங்கள் விரலை எடுத்த அதே இடத்தில் ஜெல் தடவிக் கருவியை வைப்பேன். ஜெல் சில்லென்று இருக்கும், வலிக்காது. மேமோகிராமுக்கு இல்லாத வசதி இது: நீங்கள் தொட்டதும் நான் திரையில் பார்ப்பதும் ஒன்றுதானா என்று அந்த நொடியே சரிபார்த்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் ‘இடது, 2 மணி, காம்பிலிருந்து 5 செ.மீ.’ என்பதுபோல எழுதியிருக்கும். ஸ்கேன் எடுத்த நேரம் என்று சிலர் நினைக்கிறார்கள். மார்பகத்தைக் கடிகார முகமாக வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைக் குறிக்கிற வழக்கம் அது.

திரையில் நான் தேடுவது கட்டியின் முகத்தை. முழுக்கக் கறுப்பு, ஓரம் மெல்லிய கோடு, அதற்குப் பின்னால் பளிச்சென்று வெளிச்சம் என்றால் அது நீர்க்கட்டி. உங்கள் வயதில் அடிக்கடி பார்ப்பது. அதைக் கண்டால் அப்போதே திரையைத் திருப்பிக் காட்டிவிடுவேன், பேயறைந்த மாதிரி படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். முட்டை வடிவில், வழுவழுப்பான ஓரத்தோடு தோலுக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் அநேகமாக நார்க்கட்டி, அதுவும் புற்றல்ல. ஓரம் பிசிறு பிசிறாக, அகலத்தைவிட உயரம் கூடி நிமிர்ந்து நின்று, பின்னால் நிழல் விழுந்தால் சந்தேகம். சாதாரணக் கட்டி திசுவின் அடுக்குகளுக்கு இடையிலேயே வளரும், புற்று அடுக்குகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வளரும். நிமிர்ந்து நிற்பது அதனால்தான். அப்படிப் பார்த்தால் அக்குளில் நெறிகட்டி இருக்கிறதா என்று அங்கேயும் கருவியை வைத்துப் பார்ப்போம். கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. உங்களுடையது எந்த வகை என்று பார்க்காமல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஸ்கேன் என்றாலே கர்ப்பத்துக்கு எடுக்கும் வயிற்று ஸ்கேன்தான். "இந்த வயசுல எனக்கு எதுக்கு ஸ்கேனு, ஊர்ல என்ன நெனைப்பாங்க" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகை ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் மாட்டியிருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பெண் சிசுக்களை இழந்த வட்டாரம் இது, அந்தப் பலகைக்கு இங்கே கனம் அதிகம். ஆனால் அந்தக் கருவி பெண்ணின் உயிரைக் காப்பாற்றவும் செய்யும், இதைச் சொல்ல நமக்கு ஒரு பலகையும் இல்லை. வயிற்று ஸ்கேன் பழக்கத்தில் சில பெண்கள் இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். மார்பக ஸ்கேனுக்கு அது வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கை போட்டுக்கொள்ளுங்கள். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, சரடை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். பார்ப்பவர் ஆண் மருத்துவராக இருந்தால் அறையில் ஒரு நர்ஸ் கூட இருக்கட்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மேமோகிராம் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்கேன் எடுப்பவருக்குக் கணக்கு நேராகும்.

‘அப்படியானால் முதலிலேயே ஸ்கேன் மட்டும் எடுத்திருக்கலாமே, மேமோகிராம் காசு தண்டமா?’ என்று வீட்டில் அடுத்த கேள்வி வரும். தண்டம் இல்லை. சில புற்றுகள் ஆரம்பத்தில் கட்டியாகவே இருக்காது. பால் குழாய்க்குள் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகளாக, கறுப்புத் துணியில் உப்பைத் தூவியது போல இருக்கும். மேமோகிராம் அதைப் பளிச்சென்று காட்டும், ஸ்கேன் பெரும்பாலும் கோட்டைவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் சறுக்கினேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வலி என்று வந்தார். ஸ்கேன் பார்த்து நார்மல் என்று எழுதினேன். அந்த வயதுக்கு மேமோகிராமும் எடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்த மேமோகிராமில் அந்த உப்புத் தூள் தெரிந்தது. நல்ல வேளையாகப் புற்று குழாயைத் தாண்டியிருக்கவில்லை, பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாற்பது தாண்டியவர்கள் கட்டி என்று வந்தால், ஒரு படத்தை மட்டும் வைத்து ‘நார்மல்’ என்று நான் எழுதுவதில்லை.

இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஜப்பானில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 40 முதல் 49 வயது வரை ஏறத்தாழ 73,000 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மேமோகிராம் மட்டும், மற்றதற்கு மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. மேமோகிராம் மட்டும் என்றால் 100 புற்றில் 77 அகப்பட்டது, இரண்டும் சேர்ந்தபோது 91. இதற்கு ஒரு விலையும் உண்டு: நோயே இல்லாத 100 பேரில் மேமோகிராம் மட்டும் எடுத்தால் சுமார் 9 பேரைத்தான் ‘எதற்கும் இன்னொரு தடவை வாருங்கள்’ என்று கூப்பிட வேண்டியிருந்தது, ஸ்கேனும் சேர்ந்தபோது 12 பேரை. வீண் கவலை, வீண் அலைச்சல். அதனால் ஒரு தொந்தரவும் இல்லாத எல்லாப் பெண்களும் வருடா வருடம் இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது கட்டி இல்லாதவர்களுக்கான விவாதம். உங்கள் கையில் கட்டி தட்டுப்படுகிறது, விவாதத்துக்கே இடமில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். உங்கள் வயதுதான். கட்டி என்று போனார், மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை, ‘அடர்த்தியான திசு, ஸ்கேன் எடுக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு மஞ்சப்பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். பதினோரு மாதம் கழித்து என்னிடம் வந்தபோதும் அதே பைதான், மடிப்புக்கூடக் கலையாத அதே தாள். "மிசின்ல ஒண்ணுமில்லேன்னுதான் வந்துச்சு மேடம்" என்று முதலில் அதைத்தான் எடுத்து நீட்டினார். ஸ்கேனில் கட்டி மூன்றரை சென்டிமீட்டர், அக்குளில் நெறி. சிகிச்சை எடுத்தார், நன்றாக இருக்கிறார். ஆனால் முன்பே வந்திருந்தால் இத்தனை கீமோ வேண்டியிருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தாளின் கடைசி வரியை அந்தப் பதினோரு மாதத்தில் யாராவது ஒருவர் அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கலாம். உங்கள் கடிதத்தை நான் உடனே எடுத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம்.

இப்போது மாமியாரின் பயம். ஊசி பட்டால் பரவாது. அப்படிப் பரவுமானால் உலகத்தில் எந்தப் புற்று மருத்துவரும் சிகிச்சைக்கு முன்னால் ஊசிப் பரிசோதனை கேட்க மாட்டார், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, திரையில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஒரு கனமான ஊசியைச் செலுத்தி, சேமியாத் துண்டு போல நாலைந்து இழை எடுப்போம். ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், ஸ்டேப்ளர் அடித்த மாதிரி. வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பெண்கள் திடுக்கிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனையில் செல்கள் மட்டும் வரும். இதில் திசுவே வருவதால், புற்றாக இருந்தால் அது எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்பது வரை பார்த்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். இதற்கு நேர்மாறாக, ஸ்கேனும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் "சின்னக் கட்டிதான், வெட்டி எடுத்துப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எடுத்த பிறகு புற்று என்று தெரிந்தால் மறுபடியும் ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டிவரும், அப்படி வந்த பலரைப் பார்த்துவிட்டேன்.

பத்தும் வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டால் தோல் சிவந்து புண்ணாகிவிடும், அது கட்டியால் வந்த சிவப்பா பத்தால் வந்ததா என்று எங்களுக்கே குழம்பும்.

உங்கள் மகளுக்கு மேமோகிராம் வேண்டாம். முப்பது வயதுக்குள் திசு மிக அடர்த்தியாக இருக்கும், படத்தில் ஒன்றும் புரியாது. அந்த வயதில் கட்டி என்று வந்தால் முதலில் ஸ்கேன்தான். எதுவும் இல்லாதபோது எதுவும் வேண்டாம். பெரியம்மா விஷயத்தை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு எத்தனை வயதில் வந்தது என்பதோடு. மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். ஆனாலும் குடும்பத்தில் இன்னும் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று இருந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் நர்சம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கையால் தொட்டுப் பார்ப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மட்டும் பரிசோதித்ததிலேயே, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்று மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. படம் பிடிக்காததை அந்த அம்மாவின் விரல் பிடித்திருக்கிறது. இரண்டு படத்திலும் ஒன்றும் தெரியாமல், ஆனால் கைக்குக் கட்டி கெட்டியாக, சந்தேகமாகவே இருந்தால், அப்போதும் விட்டுவிட மாட்டோம், ஊசிப் பரிசோதனை செய்துதான் முடிப்போம். ஸ்கேன் பார்த்த பிறகு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் உங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையிலேயே போய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டுப் போடுங்கள். தருமபுரி பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கிப் பார்ப்பது வசதி என்றால் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ‘மாரில் கட்டி, மேமோகிராமில் 0 வந்திருக்கிறது’ என்று சீட்டுப் போடும் இடத்திலேயே சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை என்று ஒன்று வந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை அதில் இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். வழி தெரியாமல் நின்றால் 104-க்கு அழையுங்கள். வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துப் போங்கள், திரையில் அவரும் பார்க்கட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியில் இருக்கும் எண்ணை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 2 என்று வந்தால் அதையும் எழுதுங்கள், காத்திருப்பேன்.